அயல்நாட்டுக் கொடிகளின் கீழ் ஐரிஷ் வீரர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டப்ளினில் குடியேறிய நாள் முதல், ஒவ்வொரு மார்ச் மாதமும் ஊரிலிருந்து வரும் உறவினர்களையும் நண்பர்களையும் நகரம் சுற்றிக் காட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்துவிடுகிறது. புனித பேட்ரிக் தின ஊர்வலத்தைப் பார்த்து முடித்த மறுநாள் அவர்களை லிஃபி ஆற்றங்கரையிலுள்ள ஐலண்ட்பிரிட்ஜ் போர் நினைவுத் தோட்டத்துக்கு அழைத்துச் செல்வது என் வழக்கம். முதல் நாள் பார்த்த பச்சைத் தொப்பிக் கொண்டாட்டத்துக்கும் மறுநாள் பார்க்கும் கருங்கல் அமைதிக்கும் என்ன தொடர்பு என்று கேட்காதவர் அரிது. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்த வரையில் விடை எழுதியிருக்கிறேன்.

அயர்லாந்து சின்ன நாடு, எந்தப் போரிலும் கலந்துகொள்ளாத நாடு என்கிறார்கள். அதற்கு ஏது இத்தனை போர்வீரர்கள்?

அயர்லாந்து தனி அரசாக உருவானது 1922-இல்தான். அதன் ராணுவம் சிறியது. அந்த அரசு எந்த நாட்டின் மீதும் படையெடுத்ததில்லை. ஆனால் அதற்கு முந்தைய 300 ஆண்டுகளில் ஐரிஷ்காரர்கள் பிரான்ஸ், ஸ்பெயின், ஆஸ்திரியா, பிரிட்டன், அமெரிக்கா, மெக்சிகோ, அர்ஜென்டினா என்று பல நாடுகளின் படைகளில் சேர்ந்து சண்டையிட்டார்கள். தமக்கென அரசு இல்லாத மக்கள் பிறர் கொடியின் கீழ் நின்ற வரலாறு இது. ஆகவே ‘ஐரிஷ் வீரர்கள்’ என்று கேட்டதும் ‘யாருடைய படையில்?’ என்ற அடுத்த கேள்வியையும் சேர்த்தே கேட்டுக்கொள்ள வேண்டும். கீழே உள்ள விடைகளில் பெரும்பாலானவை அந்த இரண்டாவது கேள்வியைச் சுற்றியே வரும்.

ஏன் இவ்வளவு பேர் ஊரை விட்டுப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தார்கள்? சண்டை போடுவது அவர்கள் இரத்தத்திலேயே ஊறியதா?

இரத்தத்தில் ஊறியது என்பது ஆள்சேர்க்க வந்த அதிகாரிகளுக்கு வசதியாக இருந்த பேச்சு. நிலம் கைமாறியதே முதற்காரணம். 17-ஆம் நூற்றாண்டுப் போர்களின் முடிவில் கத்தோலிக்கர்களின் நிலங்கள் தொடர்ந்து பறிக்கப்பட்டு, 1703 வாக்கில் நாட்டு நிலத்தில் ஏறத்தாழ 14 விழுக்காடு மட்டுமே அவர்கள் கையில் எஞ்சியது. தண்டனைச் சட்டங்கள் எனப்படும் சட்டத்தொகுதி கத்தோலிக்கர்களுக்கு அரசுப் பதவியையும் வாக்குரிமையையும் மறுத்தது. ராணுவ அதிகாரிப் பதவிகள் 1793 வரை சட்டப்படி அவர்களுக்கு மூடியே கிடந்தன. நிலமிழந்த பெருங்குடும்பத்து இளைஞனுக்கு வாளேந்தும் தொழில் வேண்டுமென்றால் கடல் கடந்து பிரான்சுக்கோ ஸ்பெயினுக்கோ போவதைத் தவிர வேறு வழியில்லை.

ஏழைகளின் கதை வேறு. தினக்கூலிக்கும் வழியில்லாத ஊரில் சிவப்புச் சட்டையும் சம்பளமும் வேளாவேளைக்குச் சோறும் தருகிறோம் என்று ஒரு சார்ஜென்ட் முரசடித்துக்கொண்டு வந்தால் பின்னால் போகாமல் என்ன செய்வான்? 1830-இல் பிரிட்டிஷ் ராணுவத்தில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் ஐரிஷ்காரர்கள். 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்து, ஏறக்குறைய அதே அளவினர் நாட்டை விட்டு வெளியேறிய பிறகு, அமெரிக்கப் படைகளிலும் அவர்கள் நிறைந்தார்கள்.

‘காட்டு வாத்துகள்’ என்று ஒரு பெயர் அடிக்கடி அடிபடுகிறதே, அது யாரைக் குறிக்கிறது?

1691-இல் லிமெரிக் நகர முற்றுகையின் முடிவில், அரியணை இழந்த ஸ்டூவர்ட் மன்னர் இரண்டாம் ஜேம்சை ஆதரித்துத் தோற்ற யாக்கோபியத் தரப்பின் தளபதி பேட்ரிக் சார்ஸ்ஃபீல்ட் ஓர் உடன்படிக்கைக்கு இணங்கினார். அக்டோபர் 3 அன்று கையெழுத்தான அந்த லிமெரிக் ஒப்பந்தத்தின்படி, விரும்பிய வீரர்கள் பிரான்சுக்குக் கப்பலேறலாம். ஏறத்தாழ 14,000 வீரர்கள் போனார்கள்; பெண்களையும் குழந்தைகளையும் சேர்த்தால் 19,000 என்பர். கார்க் துறைமுகத்தில் கப்பலில் இடம் கிடைக்காத மனைவிமார் நகரும் படகுகளைப் பற்றிக்கொண்டு தொங்கியதையும், சிலர் நீரில் மூழ்கியதையும் பழைய வரலாறுகள் விவரிக்கின்றன. இப்படிப் போனவர்களுக்கும், அடுத்த நூறாண்டில் அவர்களைப் பின்பற்றி ஐரோப்பியப் படைகளில் சேர்ந்தவர்களுக்கும் வழங்கும் பெயரே காட்டு வாத்துகள்.

பெயருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், வீரர்களை ரகசியமாக ஏற்றிச் செல்வது தெரியாமலிருக்கக் கப்பலின் சரக்குப் பட்டியலில் அவர்களைக் ‘காட்டு வாத்துகள்’ என்று எழுதினார்கள் என்பதாகும். குளிர்காலத்தில் வந்து போகும் வலசைப் பறவை என்ற உருவகமே போதுமானதாக எனக்குப் படுகிறது. ஒரு வேறுபாடு உண்டு: பறவைகள் திரும்பி வரும், இவர்களில் மிகப் பெரும்பாலோர் திரும்பவில்லை. சார்ஸ்ஃபீல்டே இரண்டு ஆண்டுகளுக்குள், 1693-இல் லான்டென் போரில் பட்ட காயத்தால் இறந்தார்.

அவர்கள் பிரான்சில் என்ன செய்தார்கள்? சும்மா கூலிப்படையாக இருந்தார்களா?

சம்பளம் வாங்கினார்கள் என்பதால் கூலிப்படை என்று சொல்லிவிடலாம்; ஆனால் அவர்கள் தம்மை அப்படிக் கருதவில்லை. பிரெஞ்சு மன்னரின் ஐரிஷ் பிரிகேட், எதிரியான ஆங்கிலப் படையைப் போலவே சிவப்புச் சட்டை அணிந்தது. நாடு கடந்து வாழும் ஸ்டூவர்ட் மன்னரே தங்களுடைய உண்மையான அரசர், தாங்களே அவருடைய உண்மையான படை என்று காட்டுவதற்காக அந்தச் சட்டையை அவர்கள் விடாமல் வைத்திருந்தார்கள்.

1745 மே 11 அன்று, இன்றைய பெல்ஜியத்திலுள்ள ஃபோன்டெனோயில், பிரெஞ்சு அணிகளைப் பிளந்துகொண்டு முன்னேறிய ஆங்கிலப் படைத்திரளின் மீது பாய்ந்து போரின் போக்கைத் திருப்பிய அணிகளில் ஆறு ஐரிஷ் ரெஜிமென்ட்டுகள் இருந்தன. ‘லிமெரிக்கை நினைவில் கொள்ளுங்கள்’ என்பது அவர்கள் ஐரிஷ் மொழியில் எழுப்பிய முழக்கம் என்பது மரபு. லிமெரிக் ஒப்பந்தம் கத்தோலிக்கர்களுக்குத் தந்த வாக்குறுதிகள் மீறப்பட்டு 50 ஆண்டுகள் கடந்திருந்தன. களத்தில் நின்ற பலர் அந்த ஊரைக் கண்ணாலும் பார்த்திராத பிள்ளைகள், பேரன்கள். பிரெஞ்சுப் புரட்சி அரசு 1791-இல் ஐரிஷ் பிரிகேடைத் தனிப்படை என்ற நிலையிலிருந்து கலைத்தது.

வந்தவாசிப் போரில் இரண்டு பக்கமும் ஐரிஷ்காரர்கள்தான் தளபதிகள் என்று படித்தேன். நிஜமா?

நிஜம், சிறிய விளக்கத்தோடு. 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் பிரெஞ்சுப் படைக்குத் தலைமை தாங்கிய தாமஸ் ஆர்தர் லாலி, கால்வே மாவட்டத்தில் டூவம் அருகிலிருந்து பிரான்சுக்குப் போன காட்டு வாத்து ஒருவரின் மகன். முந்தைய விடையில் வந்த ஃபோன்டெனோயில் தன் பெயரிலமைந்த ரெஜிமென்ட்டை நடத்தியவர். அதே ரெஜிமென்ட்டோடு 1758-இல் புதுச்சேரியில் இறங்கினார். எதிரே நின்ற அயர் கூட், லிமெரிக் மாவட்டத்தில் பிறந்த புரோட்டஸ்டன்ட் பாதிரியாரின் மகன். நம் பள்ளிப் பாடநூல்கள் இந்தப் போரை ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் என்று இரண்டு சொற்களில் முடித்துவிடுகின்றன.

வற்றிய ஏரிக்கரையின் பின்னால் பிரெஞ்சு அணியின் இடப்புறம் நிலைகொண்டிருந்தது. அங்கிருந்த வெடிமருந்து வண்டியில் ஒரு குண்டு விழுந்து வெடித்ததும் அந்த முனை குலைந்தது. மீட்கப் போன பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி பிடிபட்டார். ஓராண்டுக்குள், 1761 ஜனவரியில், புதுச்சேரி அயர் கூட்டிடம் சரணடைந்தது. லாலி கைதியாக இங்கிலாந்து சென்று, அங்கிருந்து தன்மேல் சுமத்தப்பட்ட துரோகக் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லத் தானே கேட்டுப் பாரிசுக்குத் திரும்பி, சிறையில் கிடந்து, 1766 மே 9 அன்று வாய் அடைக்கப்பட்ட நிலையில் தலை வெட்டப்பட்டார். வால்டேர் அவருக்காக வாதாடினார். 1778-இல் தீர்ப்பு ரத்தானது.

லாலியைத் தியாகியாக மட்டும் எழுதும் ஐரிஷ் நூல்களை வாசிக்கும்போது எனக்கு ஒரு நெருடல் உண்டு. 1758-இல் தஞ்சாவூர் மன்னரிடம் பழைய கடனைக் கறக்கப் படையுடன் புறப்பட்டவர், வழியில் கீவளூர்க் கோயிலைச் சூறையாடினார். ஒற்றர்கள் என்று ஐயப்பட்டு அந்தணர்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார். நிலம் பறிக்கப்பட்டவரின் மகன் வேறோர் ஊரில் என்ன செய்தார் என்பதும் அந்த மரபின் கணக்கில் வர வேண்டும்.

லாலி பிறந்தது பிரான்ஸ், கூட் ஆங்கிலேயக் குடியேறிகளின் வாரிசு. இவர்களை ஐரிஷ் என்று சொல்வது நியாயமா?

இந்தக் கேள்விக்கு டப்ளினில் பத்துப் பேரைக் கேட்டால் பத்து விடை வரும். லாலி பிரான்சின் ரோமான்ஸ் ஊரில், பிரெஞ்சுத் தாய்க்குப் பிறந்தார். ஆனால் அவர் வளர்ந்ததும் பதவி பெற்றதும் ஐரிஷ் பிரிகேடுக்குள்தான். கூட் அயர்லாந்து மண்ணில் பிறந்தவர், ஆனால் அவருடைய குடும்பம் கத்தோலிக்கர்களிடமிருந்து நிலம் பெற்ற ஆளும் வகுப்பைச் சேர்ந்தது. டப்ளினில் பிறந்து ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் பங்குகொண்ட ஆர்தர் வெல்லெஸ்லி, அதாவது பிற்கால வெலிங்டன் பிரபு, இரண்டாவது வகை.

பிறப்பு, வளர்ப்பு, சமயம், விசுவாசம் ஆகிய நான்கும் ஒரே ஆளிடம் ஒரே திசையில் ஓடுவது இந்த வரலாற்றில் அபூர்வம். அவரவர் எந்த வகை ஐரிஷ் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் பேசுவதே நேர்மையானது என்பது என் வழக்கம்.

தென் அமெரிக்காவிலும் ஐரிஷ் தளபதிகளுக்குச் சிலைகள் உண்டாமே?

உண்டு. மேயோ மாவட்டத்து ஃபாக்ஸ்ஃபோர்டில் 1777-இல் பிறந்த வில்லியம் பிரவுன் அர்ஜென்டினக் கடற்படையின் தந்தை எனப் போற்றப்படுகிறார். சிலியின் விடுதலைத் தலைவர் பெர்னார்டோ ஓஹிகின்சின் தந்தை ஸ்லைகோவிலிருந்து போனவர். கார்க் நகரத்து டேனியல் ஃபுளோரன்ஸ் ஓலியரி, தென் அமெரிக்க விடுதலைத் தலைவர் பொலிவாரின் மெய்க்காவல் துணைவராக இருந்து அவருடைய ஆவணங்களைக் காப்பாற்றித் தந்தார். புகழ் பெறாத பக்கமும் உண்டு: ஜான் டெவரோ திரட்டி அனுப்பிய ஐரிஷ் படையணி, சம்பளமும் சாப்பாடும் கிடைக்காமல் 1820-இல் ரியோஹாச்சாவில் கலகம் செய்தது.

மெக்சிகோவில் புனித பேட்ரிக் படை என்று ஒன்று இருந்ததாம். அவர்கள் வீரர்களா, ஓடுகாலிகளா?

கேட்பவர் எந்த நாட்டில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. 1846-இல் அமெரிக்கா மெக்சிகோ மீது போர் தொடுத்த காலத்தில், அமெரிக்க ராணுவத்திலிருந்த ஐரிஷ் குடியேறிகள் பலர் எல்லை கடந்து மெக்சிகோ பக்கம் சேர்ந்தார்கள். அயர்லாந்தின் கிளிஃப்டன் ஊரைச் சேர்ந்த ஜான் ரைலி அவர்களுக்குத் தலைவர். கத்தோலிக்கரை இழிவுபடுத்திய அதிகாரிகளின் கொடுமை, தம்மைப் போன்ற கத்தோலிக்க ஏழை நாட்டின் மீது படையெடுக்கிறோமே என்ற உறுத்தல், மெக்சிகோ தருவதாகச் சொன்ன நிலம் ஆகிய எல்லாம் காரணங்கள். ஜெர்மானியரும் பிறரும் அந்தப் படையில் இருந்தார்கள். கொடி மட்டும் பச்சை, நடுவில் யாழ்.

1847 ஆகஸ்ட் 20 அன்று சுருபுஸ்கோ மடத்தில் வெடிமருந்து தீரும் வரை சண்டையிட்டுப் பிடிபட்டார்கள். ஏறத்தாழ 50 பேருக்குத் தூக்கு. அவர்களில் 30 பேரை, செப்டம்பர் 13 அன்று, கழுத்தில் சுருக்கோடு வண்டிகளின் மேல் மணிக்கணக்கில் நிற்க வைத்து, தொலைவில் சபுல்டெபெக் கோட்டையில் அமெரிக்கக் கொடி ஏறிய கணத்தில் வண்டிகளை ஓட்டிவிட்டார்கள். முன்பே போரில் இரண்டு கால்களையும் இழந்திருந்த ஒருவரையும் விடவில்லை. போர் அறிவிக்கப்படுவதற்கு முன்பே வெளியேறியதால் ரைலிக்குச் சட்டப்படி தூக்கு இல்லை. கசையடியும் கன்னத்தில் சூட்டுக்கோலால் ஓர் எழுத்தும் கிடைத்தன.

அமெரிக்காவில் அவர்கள் துரோகிகள். மெக்சிகோ நகரத்தின் சான் ஏஞ்செல் சதுக்கத்திலுள்ள கல்வெட்டில் அவர்கள் தியாகிகள். ஆண்டுதோறும் செப்டம்பரில் கிளிஃப்டனில் மெக்சிகோ கொடி ஏறுகிறது.

அப்படியானால் அமெரிக்காவுக்காகச் சண்டை போட்ட ஐரிஷ்காரர்கள் யார்?

எண்ணிக்கையில் அவர்களே மிகப் பலர். 1861-இல் தொடங்கிய உள்நாட்டுப் போரில் வடபுலப் படையில் மட்டும் அயர்லாந்தில் பிறந்த சுமார் 1,50,000 பேர் இருந்தனர், தென்புலத்திலும் ஆயிரக்கணக்கானோர். வடபுல ஐரிஷ் பிரிகேடைத் திரட்டிய தாமஸ் ஃபிரான்சிஸ் மெயர், இன்றைய ஐரிஷ் தேசியக் கொடியான மூவண்ணத்தை 1848-இல் வாட்டர்ஃபோர்டில் முதலில் ஏற்றியவர். நாடு கடத்தப்பட்டு, டாஸ்மேனியாவிலிருந்து தப்பி அமெரிக்கா வந்தவர்.

1862 டிசம்பர் 13, ஃபிரெட்ரிக்ஸ்பர்க். பிரிகேடின் கிழிந்துபோன பச்சைக் கொடிகள் புதுக்கொடிகளுக்காகத் திருப்பி அனுப்பப்பட்டிருந்தன. கொடி இல்லாவிட்டாலும் தாம் யார் என்று தெரிய வேண்டும் என்பதற்காக ஒவ்வொருவரும் பாக்ஸ்வுட் செடியின் பச்சைக் கிளை ஒன்றை ஒடித்துத் தொப்பியில் செருகிக்கொண்டார்கள். திறந்த மேட்டில் ஏறி, கல் மதிலுக்குப் பின்னிருந்த துப்பாக்கிகளை நோக்கி நடந்த ஏறத்தாழ 1,200 பேரில் 545 பேர் இறந்தோ காயமுற்றோ விழுந்தனர். மதிலுக்குப் பின்னிருந்த ஜார்ஜியா ரெஜிமென்ட் ஒன்றின் தளபதி ஆன்ட்ரிமில் பிறந்த ஐரிஷ்காரர். வந்தவாசியில் பார்த்ததை இங்கே மறுபடியும் பார்க்கிறோம்.

மார்ச் 17 ஒரு துறவியின் திருநாள். அதில் பட்டாளம் ஏன் முன்னால் நடக்கிறது?

நியூயார்க்கின் புனித பேட்ரிக் ஊர்வலம் 1762-இல் தொடங்கியது. தொடங்கியவர்களில் பிரிட்டிஷ் படையில் பணிபுரிந்த ஐரிஷ் வீரர்கள் இருந்தனர். 1851 முதல் 69-ஆவது நியூயார்க் ரெஜிமென்ட் அதற்குத் தலைமை தாங்கி நடக்கிறது. ஃபிரெட்ரிக்ஸ்பர்க்கில் விழுந்த அதே ரெஜிமென்ட். இன்றும் அன்று அவர்கள் தொப்பியில் பாக்ஸ்வுட் கிளை இருக்கும். கத்தோலிக்கக் குடியேறிகளை வெறுத்த ஒரு நகரத்தில், நாங்களும் இந்த நாட்டுக்காக நிற்பவர்கள் என்று காட்ட வேண்டிய தேவை அந்த ஊர்வலத்துக்கு இருந்தது. அதனால் அங்கே பட்டாளம் முன்னால் வந்தது.

பிரிட்டிஷ் படையில் நிலைமை தலைகீழ். ஐரிஷ் வீரன் மார்ச் 17 அன்று அயர்லாந்தின் சின்னமான ஷாம்ராக் எனும் மூவிலையைத் தொப்பியில் செருகினால் தண்டனை கிடைக்கலாம் என்றிருந்தது. தென்னாப்பிரிக்காவில் டச்சு வம்சாவளிக் குடியேறிகளான போயர்களுடனான போரில் ஐரிஷ் ரெஜிமென்ட்டுகள் பேரிழப்பைச் சந்தித்த பின், 1900-இல் விக்டோரியா அரசி அதை அனுமதித்தார். அதே போரில் ஜான் மக்பிரைட் போன்றோர் போயர்களின் பக்கம் நின்று ஐரிஷ் படையணி அமைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மதராஸ் பட்டாளத்துக்கும் டப்ளினுக்கும் தொடர்பு உண்டு என்று நீங்கள் சொன்னால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்களே?

நம்பலாம். கிழக்கிந்தியக் கம்பெனி மதராசில் வைத்திருந்த ஐரோப்பியர் படை காலப்போக்கில் மதராஸ் ஃபியூசிலியர்ஸ் ஆகி, கம்பெனியின் ஆட்சி முடிந்ததும் அரசியின் படையில் 102-ஆவது ரெஜிமென்ட்டாகச் சேர்ந்தது. 1881-இல் அதை பம்பாய் ஃபியூசிலியர்சுடன் இணைத்து ‘ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ்’ என்று பெயர் மாற்றி, டப்ளின் வட்டாரத்தில் ஆள் சேர்க்கும் படையாக்கினார்கள். கம்பெனி நெடுங்காலமாகவே தன் வெள்ளைக்காரச் சிப்பாய்களை அயர்லாந்திலிருந்து ஏராளமாகத் திரட்டிவந்தது.

அந்த டப்ளின் படையின் போர்ப் பெருமைகள் என்று அதிகாரப்பூர்வமாக வரிசைப்படுத்தப்பட்ட பெயர்களில் ஆர்க்காடு, வந்தவாசி, சோளிங்கர், புதுச்சேரி ஆகியவை இடம்பெற்றிருந்தன. டப்ளின் சேரிகளில் பிறந்த ஒரு பையன் உச்சரிக்கவும் தெரியாத நம் ஊர்ப்பெயர்களைத் தன் ரெஜிமென்ட்டின் சிறப்பாகச் சுமந்திருக்கிறான். 1857-இல் அலகாபாத்திலும் கான்பூரிலும் நடத்திய கொடுந்தண்டனைகளுக்காக அறியப்பட்ட கர்னல் நீல் தலைமை தாங்கியதும் இந்தப் படைக்குத்தான். அவர் ஐரிஷ்காரர் அல்லர், ஸ்காட்லாந்துக்காரர். சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற அவருடைய சிலையை எதிர்த்து 1927-இல் சத்தியாகிரகம் நடந்ததும், ராஜாஜி அமைச்சரவையின் காலத்தில் 1937-இல் அது அகற்றப்பட்டதும் நம்மவர்க்குத் தெரிந்த கதை.

1916-இல் ஆங்கிலேயரை எதிர்த்துப் புரட்சி செய்தவர்கள், அதே ஆண்டு ஆங்கிலேயருக்காகப் போரிட்டும் செத்தார்களா?

ஒரே மக்கள், சில வேளைகளில் ஒரே தெருவைச் சேர்ந்தவர்கள். 1914-இல், பிரிட்டனின் கீழ் இருந்தபடியே அயர்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் தரும் தன்னாட்சிச் சட்டம் நிறைவேறியிருந்தது; முதல் உலகப்போர் முடியும் வரை நடைமுறை நிறுத்திவைக்கப்பட்டது. பிரிட்டனுக்குத் தோள்கொடுத்தால் தன்னாட்சி உறுதியாகும் என்று தேசியத் தலைவர் ஜான் ரெட்மண்ட் ஆட்களைச் சேரச் சொன்னார். வடபகுதியான அல்ஸ்டரின் புரோட்டஸ்டன்ட்டுகளோ தன்னாட்சியைத் தடுக்கும் நம்பிக்கையில் அதே படையில் சேர்ந்தார்கள். சம்பளத்துக்காகவும் மனைவிக்குக் கிடைக்கும் உதவித்தொகைக்காகவும் சேர்ந்தவர்கள் இரு தரப்பினரையும்விட மிகுதி என்று நினைக்கிறேன்.

1916 ஏப்ரல் 24 அன்று டப்ளினில் ஈஸ்டர் எழுச்சி வெடித்தது. அதே வாரம், ஏப்ரல் 27 முதல் 29 வரை, பிரான்சின் ஹுலுக்கில் 16-ஆவது ஐரிஷ் டிவிஷன் மீது ஜெர்மானியர் நச்சுவாயு செலுத்தினர். 500-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். டப்ளின் ஃபியூசிலியர்ஸும் அங்கே இருந்தது. டப்ளினில் உங்கள் மனைவி மக்களைச் சுடுகிறார்கள் என்று எழுதிய பலகையை ஜெர்மானியர் எதிர்ப்பதுங்குகுழியில் நட்டிருந்தார்கள். எழுச்சித் தலைவர்கள் சுட்டுக்கொல்லப்பட்ட பின் நாட்டின் மனநிலை மாறியது. 1914-இல் மேளதாளத்துடன் வழியனுப்பப்பட்டவர்கள் திரும்பி வந்தபோது வரவேற்பார் இல்லை.

முதல் உலகப்போரில் இறந்த ஐரிஷ்காரர்கள் 49,000 என்கிறார் ஒருவர், 30,000 என்கிறார் இன்னொருவர். எது சரி?

ஐலண்ட்பிரிட்ஜ் தோட்டத்தின் புத்தக அறைகளில் வைக்கப்பட்டுள்ள நினைவுப் பதிவேட்டில் 49,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. எட்டுத் தொகுதிகள், பக்க ஓரங்களை வண்ணக்கண்ணாடி ஓவியர் ஹாரி கிளார்க் வரைந்தார். பின்னல் கோலங்களுக்கிடையே முள்வேலி, பீரங்கி, நிழலுருவாகக் குனிந்து நடக்கும் சிப்பாய் ஆகியவை தெரியும். ஒவ்வொரு பெயரோடும் ரெஜிமென்ட், பிறந்த ஊர், இறந்த விதம் ஆகியவை ஓரிரு வரிகளில் இருக்கும். ஆனால் ஐரிஷ் ரெஜிமென்ட்டுகளில் பணியாற்றிய ஆங்கிலேயர், ஸ்காட்லாந்துக்காரர் பெயர்களும் அதில் சேர்ந்துள்ளன. அமெரிக்க, ஆஸ்திரேலியப் படைகளில் இறந்த ஐரிஷ்காரர்கள் பலர் விடுபட்டுள்ளனர். அயர்லாந்தில் பிறந்தோர் என்று பதிவேடு தெளிவாகக் காட்டுவோர் ஏறத்தாழ 31,000. போரிட்டோர் சுமார் 2 லட்சம் என்பதில் கருத்து வேறுபாடு குறைவு.

இவ்வளவு பேர் இறந்தும் சுதந்திர அயர்லாந்து ஏன் அவர்களைப் பற்றிப் பேசவே இல்லை?

முற்றிலும் பேசவில்லை என்பது மிகை. 1920-களில் டப்ளினில் நினைவு நாளுக்குப் பெருங்கூட்டம் கூடியது. ஆனால் புதிய அரசின் பெருமை முழுவதும் 1916 எழுச்சியின் மீது நின்றது. 1922-இல் தென் அயர்லாந்தைச் சேர்ந்த ஐந்து காலாட்படை ரெஜிமென்ட்டுகள் கலைக்கப்பட்டு, கொடிகள் விண்ட்சர் கோட்டையில் ஒப்படைக்கப்பட்டன. டப்ளின் ஃபியூசிலியர்ஸும் அவற்றில் ஒன்று. புது டெல்லியை வடிவமைத்த லட்யன்ஸ்தான் ஐலண்ட்பிரிட்ஜ் தோட்டத்தையும் வடிவமைத்தார். வேலைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் முன்னாள் பிரிட்டிஷ் சிப்பாய்கள், பாதிப்பேர் ஐரிஷ் தேசியப் படையின் முன்னாள் சிப்பாய்கள். 1930-களின் இறுதியில் பணி முடிந்தும் திறப்பு விழா தள்ளிப்போனது. பின்னர் தோட்டம் புல் மண்டிச் சீரழிந்தது.

1987 நவம்பரில் வட அயர்லாந்தின் எனிஸ்கிலென் போர் நினைவுச்சின்னத்தின் அருகே, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஆயுதக்குழுவான ஐஆர்ஏ வைத்த குண்டு வெடித்து, அஞ்சலி செலுத்த வந்தவர்கள் மாண்டது பலரின் மனத்தை உலுக்கியது. சீரமைக்கப்பட்ட தோட்டம் 1988-இல் முறைப்படி அர்ப்பணிக்கப்பட்டது. 1998 நவம்பர் 11 அன்று பெல்ஜியத்தின் மெசினில், ஐரிஷ் குடியரசுத் தலைவர் மேரி மக்அலீசும் இரண்டாம் எலிசபெத் அரசியும் சேர்ந்து ஓர் ஐரிஷ் வட்டக் கோபுரத்தைத் திறந்துவைத்தார்கள். கத்தோலிக்கர் மிகுந்த 16-ஆவது டிவிஷனும் புரோட்டஸ்டன்ட்டுகளின் 36-ஆவது டிவிஷனும் 1917-இல் அருகருகே நின்று போரிட்ட இடம் அது.

ஜலந்தரில் ஐரிஷ் சிப்பாய்கள் கலகம் செய்தது இந்திய விடுதலைக்காகவா?

இல்லை; அயர்லாந்துக்காக. 1920 ஜூன் 28 அன்று ஜலந்தர் பாசறையில் கன்னாட் ரேஞ்சர்ஸ் படையின் சில சிப்பாய்கள், அயர்லாந்தில் பிரிட்டிஷ் படை நடத்தும் அடக்குமுறையைக் கண்டித்து, இனி பணிபுரிய மாட்டோம் என்று அறிவித்தார்கள். செய்தி சோலனிலிருந்த பிரிவுக்குப் பரவியது. அங்கே ஜேம்ஸ் டேலி தலைமையில் சிலர் ஆயுதக்கிடங்கை நோக்கி விரைந்தபோது இருவர் சுடப்பட்டு இறந்தனர். மரண தண்டனை பெற்ற பலரில் டேலிக்கு மட்டும் அது நிறைவேற்றப்பட்டது: 1920 நவம்பர் 2, தக்‌ஷாய் சிறை. வயது இருபது. உடல் 1970-இல் அயர்லாந்துக்குக் கொண்டுவரப்பட்டது.

ஜாலியன்வாலாபாக் நடந்து ஓராண்டே ஆகியிருந்த பஞ்சாப் அது. அந்தப் படுகொலையின்போது மாகாணத் துணைநிலை ஆளுநராக இருந்த மைக்கேல் ஓடுவயர் டிப்பரரி மாவட்டத்து ஐரிஷ்காரர். தங்கள் ஊரில் பிரிட்டிஷ் படை செய்வதைத்தானே நாம் இங்கே செய்கிறோம் என்று கலகக்காரர்களில் சிலர் உணர்ந்ததாகப் பின்னாளில் சொன்னார்கள். அந்த உணர்வை மதிக்கலாம். அதை வைத்து அவர்களை இந்திய விடுதலை வீரர்களாக்கிவிட வேண்டாம்.

இரண்டாம் உலகப்போரில் அயர்லாந்து நடுநிலை. அப்போது யாரும் போகவில்லையா?

பல்லாயிரம் பேர் போனார்கள். ஐரிஷ் ராணுவத்திலிருந்து விலகி ஓடிப்போய்ப் பிரிட்டிஷ் படையில் சேர்ந்தவர்கள் மட்டும் சுமார் 5,000. ஹிட்லரை எதிர்த்துவிட்டுத் திரும்பியவர்களுக்கு 1945-இல் பிறப்பிக்கப்பட்ட ஆணையால் ஏழு ஆண்டுகள் அரசு வேலையும் ஓய்வூதிய உரிமையும் மறுக்கப்பட்டன. 2013-இல் நாடாளுமன்றம் அவர்களுக்குப் பொதுமன்னிப்பு வழங்கியபோது உயிரோடிருந்தோர் வெகு சிலர்.

இன்றைய ஐரிஷ் ராணுவம் வெளிநாட்டுக்குப் போவதில்லையா?

1958 முதல் ஐக்கிய நாடுகள் அவையின் அமைதிப் பணிகளில் இடைவிடாமல் இருந்துவருகிறது. 1960-இல் காங்கோவின் நியெம்பாவில் ஒரே தாக்குதலில் ஒன்பது பேரை இழந்தது. மறு ஆண்டு ஜாடோவில்லில் சுமார் 150 ஐரிஷ் வீரர்கள் காங்கோவிலிருந்து பிரிந்த கட்டாங்காவின் பல மடங்கு பெரிய படையை ஐந்து நாள் எதிர்த்து, உயிரிழப்பின்றி, குண்டும் குடிநீரும் தீர்ந்தபின் சரணடைந்தார்கள். சரணடைந்தது அவமானம் என்று பல பத்தாண்டுகள் ஒதுக்கப்பட்டு, 2016-இல்தான் அரசின் பாராட்டு கிடைத்தது. லெபனானில் 1978 முதல் பணியாற்றி, நாற்பதுக்கும் மேற்பட்டோரை இழந்துள்ளது. அமைதிப் பணிகளில் இறந்தவர்களையும், முந்தைய போர்களில் இறந்த எல்லா ஐரிஷ்காரர்களையும் நினைவுகூர, ஜூலை 11-க்கு அருகிலுள்ள ஞாயிறன்று அரசு விழா நடக்கிறது.

நான் டப்ளினில் நவம்பரில் பாப்பிப் பூ அணிந்து போகலாமா?

யாரும் அடிக்க வரமாட்டார்கள். சிலர் முகம் சுளிப்பார்கள். போரில் இறந்த பிரிட்டிஷ் படையினரின் நினைவாக அணியும் இந்தச் சிவப்புப் பூவால் திரட்டும் நிதி எல்லாப் பிரிட்டிஷ் வீரர்களுக்கும் உரியது, வட அயர்லாந்தில் பணியாற்றியவர்களுக்கும் உட்பட. அதனால் ஐரிஷ்காரர் பலருக்கு அது முதல் உலகப்போரை மட்டும் குறிக்கும் பூ அல்ல. 2017-இல் அன்றைய பிரதமர் லியோ வராட்கர், ஷாம்ராக் இலைக்குள் பாப்பி பதித்த சின்னத்தை நாடாளுமன்றத்தில் அணிந்தார். அதற்கும் விமர்சனம் வந்தது. விருந்தாளியாக வந்த ஊரில் ஒன்றும் அணியாமல் தோட்டத்துக்குப் போய்வருவது எனக்கு எளிதாக இருக்கிறது.

எங்கள் பாட்டி வீட்டார் சென்னை ஆங்கிலோ-இந்தியர்கள், குடும்பப் பெயர் ஐரிஷ். மூதாதை சிப்பாயா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஐரிஷ் குடியுரிமையும் கிடைக்குமா?

அயர்லாந்திலிருந்து தொடங்காதீர்கள். டப்ளின் பொது ஆவணக் காப்பகம் 1922 ஜூன் மாதச் சண்டையில் எரிந்துபோனது. முதல் உலகப்போர்ச் சிப்பாய்களின் பணிப்பதிவேடுகளில் பெரும்பகுதி 1940-இல் லண்டன் குண்டுவீச்சில் போயிற்று. இந்தியாவிலிருந்து பின்னோக்கிப் போவதே பலன் தரும். மதராஸ் மாகாணத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. திருமணப் பதிவில் மணமகனின் ரெஜிமென்ட் குறிக்கப்பட்டிருந்தால் அங்கிருந்து கம்பெனிப் படைப்பட்டியலுக்குப் போகலாம். அதில் சேர்ந்த ஆண்டும் சொந்த ஊரும் அகப்படக்கூடும். எழும்பூரில் 1789-இல் தொடங்கிய ராணுவ ஆண் அனாதை இல்லத்தில் வளர்ந்த பிள்ளைகள் பலரின் தந்தையர் இத்தகைய சிப்பாய்கள். பெயரை மட்டும் நம்ப வேண்டாம்: ஆங்கிலப் பெயர் கொண்ட ஐரிஷ் சிப்பாய்களும், ஐரிஷ் பெயர் கொண்ட லங்காஷயர்க்காரர்களும் ஏராளம்.

குடியுரிமைக்குப் பாட்டன் அல்லது பாட்டி அயர்லாந்துத் தீவில் பிறந்திருக்க வேண்டும். அப்போது வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பெயரைப் பதிந்துகொள்ளலாம். அதற்கும் முந்தைய தலைமுறை என்றால், நீங்கள் பிறப்பதற்கு முன்பே உங்கள் தந்தையோ தாயோ அந்தப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். கம்பெனிக் காலத்துச் சிப்பாயை வைத்துக் கடவுச்சீட்டு வாங்க முடியாது.